பிங்க் ஃபிளாய்டைப் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டுமா?

பட்டியல்காரன்:
அக்கா மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். "மாமா, புரோகிரஸிவ் ராக் என்றால் என்ன?" என்று கேட்டாள். விளக்கம் சொல்லத் தெரியாதவன் பட்டியல்தானே போடுவான்? நானும் போட்டேன். கிங் கிரிம்சனின் முதல் ஆல்பம் (1969), ஜெத்ரோ டல்லின் 'திக் ஆஸ் எ பிரிக்' (1972), யெஸ் குழுவின் 'குளோஸ் டு தி எட்ஜ்' (1972), ஜெனிசிஸின் 'ஃபாக்ஸ்ட்ராட்' (1972), பிங்க் ஃபிளாய்டின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' (1973), ரஷ் குழுவின் '2112' (1976). கடைசியில், கொஞ்சம் துணிச்சலாக, ரேடியோஹெட்டின் 'ஓகே கம்ப்யூட்டர்' (1997). அனுப்புவதற்கு முன் அலுவலக நண்பர் ஒருவரிடம் காட்டினேன். "ஃபிளாய்டை எடுத்துவிடு. ரேடியோஹெட்டை யாரிடமும் காட்டாதே" என்றார். காரணம் கேட்டால் சிரிக்கிறார். நீங்களாவது சொல்லுங்கள், எடுத்துவிடவா?

ஏழரை:
நண்பர் சொன்னதுதான் சரி, எடுத்துவிடுங்கள்.

புரோகிரஸிவ் ராக் என்பது 1969 வாக்கில் இங்கிலாந்தில் உருப்பெற்று, அடுத்த ஏழெட்டு ஆண்டுகளில் உச்சம் தொட்ட ஓர் இசை வடிவம். ஒரு கருவை எடுத்து வளர்ப்பார்கள், உடைப்பார்கள், வேறு உருவில் திரும்பக் கொண்டுவருவார்கள். 'ஃபாக்ஸ்ட்ராட்' ஆல்பத்தில் உள்ள 'சப்பர்ஸ் ரெடி' ஏறத்தாழ 23 நிமிடம், ஏழு பகுதிகள். தொடக்கத்தில் கேட்ட மெட்டு முடிவில் திரும்பி வரும்போது அதற்கு வேறு எடை ஏறியிருக்கும். அந்த இடத்துக்காகத்தான் மற்ற இருபது நிமிடமும். அப்புறம் ஒலி. மெல்லோட்ரான் என்ற கீபோர்டில் ஒவ்வொரு கட்டைக்கும் ஒலி பதிந்த ஒரு நாடாத் துண்டு. கட்டையை அழுத்தினால் சுமார் எட்டு விநாடி ஓடும், பிறகு நாடா தீர்ந்துவிடும். விரலை எடுத்துத்தான் ஆக வேண்டும். அந்த இசைக்கே மூச்சு விடுகிற ஓர் ஓசை வந்தது இதனால்தான்.

ஃபிளாய்டில் என்ன இருக்கிறது? அந்த ஆல்பத்தின் 'மணி' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். காசு குலுங்கும் சத்தத்தை நீக்கிவிட்டால் மிஞ்சுவது ப்ளூஸ். நல்ல ப்ளூஸ்தான், மறுக்கவில்லை.

மேல்மாடி வானொலி:
அந்த ப்ளூஸ் ஏழு எண்ணிக்கையில் போகிறதே ஐயா, அது கணக்கில் வராதா?

ஏழரை:
கிட்டார் தனி வாசிப்பு தொடங்கியதும் நாலுக்குத் திரும்பிவிடுகிறார்கள். ஏழில் நின்று வாசித்திருந்தால் பேசலாம்.

வயலின் வாத்தியார்:
இந்த ஏழு, ஒன்பது கணக்கை வைத்து யாரும் மார்தட்ட வேண்டாம். ஏழு என்பது நம் மிஸ்ர சாபு தாளம். என்னிடம் படிக்கிற பத்து வயதுப் பிள்ளைகள் அதற்குக் கை தட்டுகிறார்கள், யாரும் அவர்களை முற்போக்குக் கலைஞர்கள் என்று சொல்வதில்லை. ஜெனிசிஸ் 'சப்பர்ஸ் ரெடி'யின் ஏழு பகுதிகளில் ஒன்றின் பெயரிலேயே 9/8 என்று எழுதி வைத்தார்கள். தாளத்தைப் பெயர்ப்பலகையில் தொங்கவிடும் அளவுக்கு அவர்களுக்கு அது புதிது, அவ்வளவுதான்.

ஏழரை:
வாத்தியாரே, தாளம் மட்டும் போதும் என்று நான் எங்கே சொன்னேன்? உளுந்தை மட்டும் அரைத்தால் தோசை வராது. அரிசியும் வேண்டும், புளிக்கவும் வேண்டும்.

சிவப்பு வட்டு:
ஏழரை ஐயாவிடம் ஒரு கேள்வி. 'புரோகிரஸிவ்' என்றால் முன்னே நகர்வது. ராபர்ட் ஃபிரிப் 1974இல் 'ரெட்' ஆல்பம் வெளிவருவதற்குச் சற்று முன்பு கிங் கிரிம்சனையே கலைத்துவிட்டார். 1981இல் 'டிசிப்ளின்' ஆல்பத்தோடு திரும்பி வந்தபோது மெல்லோட்ரான் இல்லை, இருபது நிமிடக் காவியம் இல்லை. ஃபிரிப்பும் ஏட்ரியன் பெலூவும் இரண்டு கிட்டார்களை ஜாவாவின் காமெலான் இசைபோலப் பின்னிக்கொண்டு போகிறார்கள். இன்றும் அதைக் கேட்டால் எனக்குத் தலை சுற்றுகிறது. உங்கள் அளவுகோலின்படி இது தேறாது. ஆனால் இந்த ஆண்டு யாராவது ஒரு குழு 1973ஐ அப்படியே நகலெடுத்து, மெல்லோட்ரான் ஓசையைக் கணினியிலிருந்து எடுத்துப் போட்டால் அது தேறிவிடும். முன்னே போனவரை வெளியே நிறுத்திவிட்டு, நின்ற இடத்திலேயே நிற்பவருக்கு நுழைவுச் சீட்டு கொடுப்பீர்களா?

ஏழரை:
சகோதரி, 'நாற்காலி' என்ற சொல்லில் நான்கு கால் இருக்கிறது. என் அலுவலக நாற்காலிக்கு அடியில் ஐந்து சக்கரம். அதை ஐங்காலி என்று யாரும் அழைப்பதில்லை. பெயர் ஒரு காலத்தில் வர்ணனையாகத் தொடங்கும், பிறகு வெறும் பெயராகிவிடும். புரோகிரஸிவ் ராக் அப்படி ஒரு பெயர். அது முன்னே போகிறதா, பின்னே போகிறதா என்று அகராதியைப் புரட்டிப் பார்ப்பது வீண் வேலை.

சிவப்பு வட்டு:
மிக்க நன்றி. நான்கு கால் இல்லாததும் நாற்காலி ஆகலாம் என்று நீங்களே ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். ஃபிளாய்டை அதில் உட்கார வையுங்கள்.

மேல்மாடி வானொலி:
😀 ஐயா, வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டீர்கள்.

சும்மா கேட்பவன்:
ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இதனால் யாருக்கு என்ன லாபம்? யெஸ் குழுவின் 'டேல்ஸ் ஃபிரம் டோபோகிராஃபிக் ஓஷன்ஸ்' 1973இல் வந்தது. பரமஹம்ச யோகானந்தரின் சுயசரிதையில் இருந்த ஓர் அடிக்குறிப்பைப் படித்துவிட்டு, குழுவின் பாடகர் ஜான் ஆண்டர்சன் நாலு பாட்டுக்குத் திட்டம் போட்டார். இரட்டை எல்பியில் பக்கத்துக்கு ஒரு பாட்டு. ஏழரை அண்ணன் கேட்கிற எல்லா லட்சணமும் அதில் உண்டு. அந்தச் சுற்றுப்பயணத்தில் மான்செஸ்டர் மேடையில், கீபோர்டு வாசித்த ரிக் வேக்மன் நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கும்போதே கறிச்சோறு வரவழைத்துச் சாப்பிட்டார். அடுத்த ஆண்டு குழுவை விட்டே போய்விட்டார். உள்ளே உட்கார்ந்து வாசித்தவருக்கே பசி எடுத்திருக்கிறது. வெளியே நின்று நாம் எதற்கு வேலி கட்டுகிறோம்?

பழைய தட்டு:
தம்பி, இதனால் எனக்கு நஷ்டம் இருந்தது. லாபமும் இருந்தது. இரண்டையும் சொல்கிறேன்.

எண்பதுகளில் எங்கள் ஊரில் கேசட் பதிவு செய்து கொடுக்கும் கடை ஒன்று இருந்தது. வெற்று கேசட்டும் பட்டியலும் கொடுத்தால் ஒரு வாரத்தில் பதிந்து தருவார்கள். பட்டியலில் எதை எழுதுவது என்று எனக்குத் தெரியாது. கடைக்காரர்தான் "நீ யெஸ் கேட்கிறவன், அப்படியானால் இதையும் கேள்" என்று வான் டெர் கிராஃப் ஜெனரேட்டர் என்ற குழுவை எடுத்துக் கொடுத்தார். அந்த வகைப்பெயர் இல்லாவிட்டால் அவருக்கு அது தோன்றியிருக்காது, நானும் அந்தக் குழுவின் பாடகர் பீட்டர் ஹாமிலின் குரலைக் கேட்டிருக்க மாட்டேன். இது லாபம். நஷ்டம் என்னவென்றால், "கிரிம்சனின் 'ரெட்' ஒரே இரைச்சல், அது நம் வகை இல்லை" என்று சொன்னதும் அவரேதான். நம்பினேன். பன்னிரண்டு ஆண்டுகள் அந்த ஆல்பத்தைத் தொடவில்லை. இப்போது மாதம் ஒருமுறையாவது கேட்கிறேன், ஒவ்வொரு முறையும் அவரைத் திட்டிக்கொண்டே.

இன்னொன்று. இருபது நிமிடப் பாட்டு, காவியம் என்று எல்லோரும் மலைக்கிறீர்களே, அந்த இருபது எங்கிருந்து வந்தது? எல்பியின் ஒரு பக்கத்தில் நல்ல ஒலியோடு இருபது, இருபத்திரண்டு நிமிடம்தான் அடங்கும். தட்டு நாற்பது நிமிடம் தாங்கியிருந்தால் காவியமும் நாற்பது நிமிடம் ஆகியிருக்கும். 'திக் ஆஸ் எ பிரிக்' ஒரே பாட்டு, மொத்தம் 44 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. நடுவில் இசையை மங்கவிட்டு, மறுபக்கத்தில் மறுபடி எழுப்புகிறார்கள். எனக்கு அந்தக் கடைக்காரர், பக்கத்துக்கு 45 நிமிடம் ஓடும் சி-90 கேசட்டின் ஒரே பக்கத்தில் முழுவதையும் பதிந்து கொடுத்தார். லண்டனில் தட்டு வாங்கியவன் பாதியில் எழுந்துபோய்த் திருப்பிப் போட்டிருப்பான். நான் படுத்த இடத்தைவிட்டு அசையவில்லை.

சிவப்பு வட்டு:
'திக் ஆஸ் எ பிரிக்' பேச்சு வந்ததால் சொல்கிறேன். அதற்கு முந்தைய 'அக்வாலங்' (1971) ஆல்பத்தை விமர்சகர்கள் ஒரே கருவில் அமைந்த ஆல்பம் என்றார்கள். ஜெத்ரோ டல்லின் தலைவர் இயன் ஆண்டர்சன் "இல்லவே இல்லை" என்று மறுத்தார். யாரும் கேட்கவில்லை. "சரி, அப்படிப்பட்ட ஆல்பங்களுக்கெல்லாம் தாயாக ஒன்று தருகிறேன்" என்கிற பாணியில் கேலிக்குச் செய்ததுதான் இது. வரிகளை எழுதியது எட்டு வயதுச் சிறுவன் என்று ஒரு கற்பனைப் பெயர், அட்டையாக ஒரு முழுப் போலிச் செய்தித்தாள். இந்த வகையின் தூண்களில் ஒன்று இந்த வகையையே கிண்டல் செய்த ஆல்பம்.

ஏழரை:
கேலிச்சித்திரத்தில் மூக்கைப் பெரிதாக வரைவார்கள். முகத்தை எல்லோருக்கும் தெரிந்திருந்தால்தான் சிரிப்பு வரும். 1972இலேயே கேலி செய்ய முடிந்தது என்றால், அப்போதே இதற்குத் தெளிவான முகம் இருந்தது என்று அர்த்தம். எனக்காக வாதாடியதற்கு நன்றி சகோதரி. கணக்கு இப்போது ஒன்றுக்கு ஒன்று.

மேல்மாடி வானொலி:
அப்படியானால் எதிரியின் சாட்சியத்தையும் பார்ப்போமே. பங்க் இசைக்காரர்கள் எதை எதிர்த்துக் கிளம்பினார்கள்? செக்ஸ் பிஸ்டல்ஸ் பாடகர் ஜானி ராட்டன் போட்டுக்கொண்டு திரிந்த சட்டையில் "பிங்க் ஃபிளாய்டை வெறுக்கிறேன்" என்று இருந்தது. யெஸ், ஜெனிசிஸ் பெயரெல்லாம் அதில் இல்லை. புரோகிரஸிவ் ராக்கின் அடையாளம் எது என்று எதிரிக்குத் தெரிந்திருக்கிறது, ஏழரை ஐயாவுக்குத் தெரியவில்லை.

ஏழரை:
அதே ஜானி ராட்டன் 1977இல் லண்டன் வானொலி ஒன்றில் தனக்குப் பிடித்த பாடல்களைப் போட்டார். அதில் பீட்டர் ஹாமிலின் பாட்டும் இருந்தது. மேலே பழைய தட்டு ஐயா சொன்ன அதே வான் டெர் கிராஃப் ஹாமில். ஆக, ஃபிளாய்டை வெறுத்தார், அசல் புரோகிரஸிவ் ராக்கை ரசித்தார். வித்தியாசம் தெரிந்த மனிதர்.

மேல்மாடி வானொலி:
இதற்கு என்னிடம் பதில் இல்லை. யோசித்துவிட்டு வருகிறேன்.

வயலின் வாத்தியார்:
இந்தச் சாமர்த்தியத்தை எங்கள் சபாவில் கணக்கு எழுதப் பயன்படுத்தினால் புண்ணியமாகப் போகும்.

சும்மா கேட்பவன்:
யெஸ் குழுவையே 1983இல் எடுத்துக்கொள்ளுங்கள். 'ஓனர் ஆஃப் எ லோன்லி ஹார்ட்', நாலரை நிமிடப் பாட்டு. அடுத்த ஜனவரியில் அமெரிக்காவில் முதலிடம். அது எந்தக் கூடையில்?

ஏழரை:
நல்ல பாப் பாட்டு. குளிக்கும்போது நானும் பாடுவேன். இந்தக் கூடையில் இல்லை.

சிவப்பு வட்டு:
ரேடியோஹெட்டுக்கு வருவோம். 'பாரனாய்டு ஆண்ட்ராய்டு' ஆறு நிமிடத்துக்கு மேல், ஒன்றுக்கொன்று ஒட்டாத பகுதிகளைச் சேர்த்துத் தைத்த பாட்டு. 'எக்ஸிட் மியூசிக்' பாட்டில் வருகிற கூட்டுக்குரல் மெல்லோட்ரானிலிருந்து. நீளம், பகுதிகள், எட்டு விநாடி நாடா எல்லாம் இருக்கின்றன. ஏழரை ஐயாவின் தோசை மாவிலேயே வார்த்தது. இதற்கு என்ன சொல்லப் போகிறார்?

பட்டியல்காரன்:
சண்டைக்கு நடுவில் ஒரு செய்தி. நீங்கள் முடிவு சொல்வதற்குள் அவள் பட்டியலைப் பிடுங்கிக்கொண்டுபோய் 'மணி' பாட்டைக் கேட்டுவிட்டாள். பள்ளியில் மிருதங்கம் கற்றவள். தொடையில் தட்டிக்கொண்டே வந்தவள், கிட்டார் வந்த இடத்தில் சட்டென நிறுத்திவிட்டாள். "மாமா, இந்த இடத்தில் ஏன் நாலுக்கு மாறிவிட்டார்கள்? பயந்துவிட்டார்களா?" என்று கேட்கிறாள்.

ஏழரை:
அந்தப் பெண்ணை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது.

வயலின் வாத்தியார்:
மிருதங்கம் கற்ற பெண் என்றால் முதலில் 'டிசிப்ளின்' கொடுங்கள். தொடையில் தட்டட்டும், எந்த இடத்தில் கை நிற்கிறது என்று பார்ப்போம். என் கை இரண்டாவது நிமிடத்திலேயே நின்றுவிட்டது. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

பட்டியல்காரன்:
கடைசியாக ஐயா, ஃபிளாய்டை எடுக்கவா, வைக்கவா?

ஏழரை:
குழு இருக்கட்டும், ஆல்பத்தை மாற்றுங்கள். 1971இல் வந்த 'மெடில்'. இரண்டாம் பக்கம் முழுக்க 'எக்கோஸ்' என்ற ஒரே பாட்டு, 23 நிமிடத்துக்கு மேல். அதைக் கேட்டுவிட்டு அந்தப் பெண் என்ன சொல்கிறாள் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

சிவப்பு வட்டு:
ரேடியோஹெட்?

ஏழரை:
அதை நாளை பார்த்துக்கொள்ளலாம். இரத்த அழுத்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுக்கப் போகிறேன்.