அமெரிக்கக் கொள்கை உருவாக்கம்: எப்படிப் படிக்கலாம்?

கல்லடிப் பெடியன்:
மட்டக்களப்பில் இருந்து வெளிவாரியாக அரசியல் விஞ்ஞானம் படிக்கிறேன். நிகழ்ச்சிநிரல், உருவாக்கம், நடைமுறை, மதிப்பீடு என்று படிநிலைகளைப் பாடமாக்கியாச்சு, ஆனால் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டால் எழுத வருகுதில்லை. என்ன செய்யலாம்?

அக்கரைப்பற்று வாசகி:
தம்பி, படிநிலைகளை ஒரு பக்கம் வையுங்கள். ஒரே ஒரு சட்டத்தை எடுத்து அதன் பின்னாலேயே போங்கள். ஒபாமாகெயார் என்கிற மருத்துவக் காப்புறுதிச் சட்டம் நல்ல உதாரணம். 2010இல் ஒபாமா ஒப்பமிட்டார், அதோடு முடிந்ததா? 2012இல் உச்ச நீதிமன்றம் மெடிக்கெய்ட் (வருமானம் குறைந்தோருக்கான அரச மருத்துவக் காப்புறுதி) விரிவாக்கத்தை ஏற்பதா இல்லையா என்பதை மாநிலங்களின் விருப்பத்துக்கே விட்டுவிட, டெக்சாஸ் போன்றவை ஏற்காமலே இருந்தன. 2017இல் குடியரசுக் கட்சியினர் சட்டத்தின் முக்கிய பகுதிகளை நீக்கப் பார்த்தார்கள், செனட்டில் 49க்கு 51 என்று தோற்றது, சொந்தக் கட்சிக்கு எதிராக வாக்களித்த மூவரில் செனட்டர் ஜோன் மெக்கெய்னும் ஒருவர்.

கல்முனை ஓய்வூதியர்:
பிள்ளை சொன்னது சரி. ஆனால் காங்கிரஸை (அமெரிக்க நாடாளுமன்றத்தை) மட்டும் பார்த்தால் பாதிதான் விளங்கும். விவரமான விதிகளைப் போடுவது நிர்வாக அமைப்புகள். 1946ஆம் ஆண்டின் நிர்வாக நடைமுறைச் சட்டப்படி, பெரும்பாலும் வரைவை ஃபெடரல் ரெஜிஸ்டரில் (எங்கட வர்த்தமானி மாதிரி) போட்டு, பொதுமக்களிடம் கருத்துக் கேட்ட பிறகுதான் விதியாக்கலாம். இன்னொன்று, இங்கே நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தை நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியாது, அங்கே முடியும். பரீட்சையில் இந்த வித்தியாசத்தை எழுதுங்கோ.

கல்லடிப் பெடியன்:
நன்றி அக்கா, ஐயா. செனட்டில் 60 வாக்கு வேண்டும் என்கிறார்களே, 2017இல் 51 போதும் என்று எப்படி?

அக்கரைப்பற்று வாசகி:
60 தேவை விவாதத்தை முடித்துவைக்க. 2017இல் அந்த நீக்கும் சட்டமூலத்தை வரவுசெலவு சார்ந்த தனி நடைமுறையில் கொண்டு வந்தார்கள், அதற்குச் சாதாரண பெரும்பான்மை போதும்.