பினாங்கு மலை ரயில்: போய்ட்டு வந்தவங்க அனுபவம்

பெரம்பூர்:
அம்மாவுக்கு ஊட்டி ரயில்னா உயிர். முட்டி வலி வந்ததிலேர்ந்து மேட்டுப்பாளையத்துல ஏறி அஞ்சு மணி நேரம் உட்கார முடியல. அதனால மலேசியா போனப்போ பினாங்கு மலைக்குக் கூட்டிட்டுப் போனேன். ஆயர் ஈத்தாம்ங்கிற இடத்துல கீழ் ஸ்டேஷன். படிப்படியா சரிஞ்சு நிக்கிற பெட்டியைப் பார்த்ததுமே, "அட, நம்ம பழநி வின்ச்சு!"ன்னாங்க. ரொம்பச் சரி. ஊட்டி வண்டி தண்டவாளத்துக்கு நடுவுல இருக்கிற பல் பட்டையைப் பல்சக்கரத்தால பிடிச்சு ஏறும். இங்கே பெட்டியில எஞ்சினே கிடையாது. ஒரே கம்பிவடத்தோட ரெண்டு முனையிலும் ரெண்டு பெட்டி. இறங்குற பெட்டியோட எடை ஏறுற பெட்டியை இழுக்க உதவும், மிச்சத்தை மோட்டார் பார்த்துக்கும்.

எல்லாரும் முன்பக்கக் கண்ணாடிக்கு முண்டியடிச்சாங்க. நாங்க கீழ்ப்பக்கக் கண்ணாடி ஓரமா நின்னோம். ஏறும்போது அதுதான் அருமையான இடம்! தண்டவாளம் காலடியிலேர்ந்து சரிஞ்சுகிட்டே போகுது, மரங்களுக்கு மேல பினாங்கோட ஜார்ஜ் டவுன் நகரக் கட்டடங்கள், அப்புறம் கடல். பாதி வழியில ஒத்தைப் பாதை ரெண்டாப் பிரியும். எதிர்ப் பெட்டி அங்கேதான் நம்மளைத் தாண்டும். அதிலிருந்து ஒரு குட்டிப் பையன் கையாட்டினான். அம்மா கையைத் தூக்குறதுக்குள்ள அது கீழே போயிடுச்சு. கிட்டத்தட்ட 2 கிலோமீட்டர் பாதை, பத்து நிமிஷம்கூட ஆகல, காது அடைச்சுக்கிச்சு.

மேலே முருகன் கோயில் இருக்குன்னு அம்மாகிட்ட முன்னாடி சொல்லல. கோபுரத்தைப் பார்த்ததும் பேச்சே வரல அவங்களுக்கு. பக்கத்துலயே பள்ளிவாசலும் இருக்கு.

மயிலாப்பூர்:
உங்க அம்மாவை நினைச்சா சந்தோஷமா இருக்கு தம்பி. நான் போனது பழைய ரயில்ல. 1923-ல ஓட ஆரம்பிச்ச பாதை அது, அப்போ ரெண்டு பகுதியா இருந்தது. நடு ஸ்டேஷன்ல இறங்கி வேற பெட்டி மாறணும், மேலே போய்ச் சேர அரை மணி நேரம் ஆகும். வழியில மலையில குடியிருக்கிறவங்க காய்கறிப் பையோட ஏறி இறங்குவாங்க. 2011-ல புது ரயில் வந்தப்புறம் ஒரே மூச்சுல மேலே கொண்டுபோய் விட்டுடுது. வயசானவங்களுக்கு அது பெரிய வசதிதான். ஆனா காட்டைப் பார்க்க எனக்குப் பழைய வேகம்தான் பிடிச்சிருந்தது.

வேளச்சேரி:
அக்கா சொன்ன காட்டை இப்பவும் பார்க்கலாம், மேலே போய் நடக்கணும். 2021-ல யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமா அறிவிச்ச இடம் அது. கண்ணைச் சுத்தி வெள்ளை வளையம் போட்ட மந்திக் கூட்டம் ஒண்ணைப் பார்த்தோம். பெருசுங்க கறுஞ்சாம்பல், மடியில இருந்த குட்டி மட்டும் நல்ல ஆரஞ்சு நிறம்! பிள்ளைங்க நகரவே மாட்டேன்னுட்டாங்க.

போறவங்க காலையிலேயே போயிடுங்க. மதியத்துக்கு மேல மேகம் மூடினா ஊரே தெரியாது. சூரியன் மறைஞ்சதும் கீழே இறங்கத்தான் பெரிய வரிசை நிக்கும். பெரியவங்க கூட வந்தா அதுக்கு முன்னாடியே இறங்கிடுங்க.