எபிஃபைட்னா புல்லுருவியா? தொற்றுத் தாவரம்னா என்னங்க அர்த்தம்?

அஸ்தம்பட்டி அப்பா:
வணக்கங்க. என் பொண்ணு சேலத்துல பிளஸ் ஒன், பயாலஜி குரூப், இங்கிலீஷ் மீடியம். போன வாரம் ஏற்காட்டுல நாகலூர் பக்கம் என் மச்சான் தோட்டத்துக்குப் போயிருந்தோம், கொஞ்சம் காப்பி, மிளகு, நிழலுக்கு சில்வர் ஓக், நாலஞ்சு பழைய பலா மரம். கவாத்து பண்ற ஆளு பலா மரத்துல ஏறி அதுமேல இருந்த ஆர்கிட் செடியெல்லாம் அருவாளால சீவித் தள்ளிட்டு இருந்தாரு. மச்சான் கீழ நின்னுகிட்டு "அது புல்லுருவி, மரத்துச் சத்தை உறிஞ்சிரும், ஒண்ணு விடாம எடு"ங்கறாரு. பொண்ணு ஓடிப்போய் "மாமா நிறுத்தச் சொல்லுங்க, அது பாரசைட் இல்ல, எபிஃபைட்"னா. அப்படின்னா தமிழ்ல என்னன்னு கேட்டாரு. "தொற்றுத் தாவரம்"னு இவ சொன்னதும் "தொத்து வியாதின்னு நீயே சொல்லிட்டியே கண்ணு"ன்னுட்டு வேலைய தொடரச் சொல்லிட்டாரு. மலை இறங்கற வரைக்கும், 20 கொண்டை ஊசி வளைவும் பொண்ணு ஒரு வார்த்தை பேசல.

இன்னும் ரெண்டு மரம் பாக்கி இருக்கு, ஞாயித்துக்கிழமை ஆள் மறுபடி வராரு. அதுக்குள்ள எனக்கு இது சரியா புரியணும். அப்படியே அந்த வார்த்தைய இங்கிலீஷ்ல எப்படி எழுதறதுன்னும் சொல்லுங்க, எபிஃபைட், எபிஃபிட்டிக்னு ரெண்டு விதமா புக்குல இருக்காம்.

பயாலஜி டீச்சர்:
சார், உங்க பொண்ணு சொன்னதுதான் சரி, முதல்ல அத அவகிட்ட சொல்லிடுங்க.

கிரேக்கத்துல எபின்னா மேல, ஃபைட்டான்னா செடி. செடி மேல வாழற செடி, அவ்வளவுதான் அந்தச் சொல்லுக்குள்ள இருக்கு, சத்தை உறிஞ்சறதுங்கற பொருளே அதுல கிடையாது. ஆர்கிட் மரத்துகிட்ட வாங்கறது நிக்க ஒரு எடம் மட்டும்தான், காட்டுல கீழ வெளிச்சம் வராது, அதனால மேல போய் உக்காந்துக்குது. தண்ணி மழையிலயும் பனியிலயும் வருது, சத்து பட்டை இடுக்குல சேர்ற மக்குல இருந்து வருது, சாப்பாட்டை அதோட இலையே வெயில்ல தயாரிச்சுக்குது. வேர் மேல வெலாமன்னு பஞ்சு மாதிரி ஒரு உறை இருக்கும், காஞ்சிருக்கும்போது வெள்ளையா சாம்பலா தெரியும், தண்ணி பட்டா உறிஞ்சிகிட்டு கொஞ்ச நேரத்துல பச்சையா மாறும். உங்க மச்சான் முன்னாடி ஒரு சொம்பு தண்ணி ஊத்திக் காட்டுங்க, நூறு விளக்கம் சொல்றதுக்குப் பதிலா இது போதும்.

புல்லுருவி வேற சாதி. நம்ம சேலத்து மாந்தோப்புல மாங்கிளைய பிடிச்சுகிட்டு வேற மாதிரி இலையோட கொத்தா தொங்குமே அதுதான். கிளையோட சேர்ற எடம் முடிச்சு மாதிரி வீங்கியிருக்கும், ஏன்னா உறிஞ்சு வேரை மரத்துக்குள்ளயே விட்டு அதோட தண்ணியும் தாது உப்பும் எடுத்துக்குது. இலை பச்சையா இருக்கறதால அதுவும் சாப்பாடு தயாரிக்கும், அதனால அரை ஒட்டுண்ணின்னு சொல்லுவோம். பூக்கொத்திக் குருவி பழத்தைத் தின்னுட்டு பிசினு மாதிரி ஒட்டற விதைய கிளையில தேய்ச்சிட்டுப் போகும், அப்படித்தான் பரவுது.

எழுதறப்போ எபிஃபைட் பெயர்ச்சொல், எபிஃபிட்டிக் பெயரடை. 'ஆர்கிட் இஸ் எபிஃபைட்'னு எழுதினா தப்பு, 'ஆன் எபிஃபைட்'னு எழுதணும், இல்ல 'எபிஃபிட்டிக் ஆர்கிட்'னு. 'ஆல் ஆர்கிட்ஸ் ஆர் எபிஃபைட்ஸ்'னு மட்டும் எழுத வேணாம், தரையில வளர்ற ஆர்கிட்டும் நிறைய இருக்கு.

சொல்வேட்டை:
தமிழ்ச் சொல் மேலதான் எல்லாரும் பழி போடறாங்க, எனக்கு அது மனசுக்கு ஒப்பல. தொற்றுன்னா நோய்னு ஆனதே பிற்பாடுதான், பற்றிக்கிறதுதான் அதோட அடிப்படை. பஸ்ல கூட்டமா இருந்தா படிக்கட்டுல தொத்திகிட்டுப் போறோம்னு இன்னைக்கும் சொல்றோமே, குழந்தை இடுப்புல தொத்திக்குதுன்னு சொல்றோமே, அந்தத் தொத்துறதுதாங்க இது. நல்ல சொல், விட்டுடாதீங்க. மலையாளத்துல ஆர்கிடுக்கு மரவாழன்னு பேரு, அதுவும் எவ்வளவு அழகு பாருங்க.

இங்கிலீஷ்லயும் மாட்டிவிடற சொல் ஒண்ணு உண்டு, எபிஃபைட்டாட்டிக்னு. அது செடிகளுக்கு வர்ற கொள்ளை நோய், பேரைப் பாத்தா இதோட பெரியப்பா பையன் மாதிரி இருக்கும், ஆனா அர்த்தத்துல எபிடெமிக் பக்கத்துச் சொந்தம். 1869ல இலங்கையில காப்பிக்கு இலைத்துரு நோய் வந்து தோட்டம் தோட்டமா அழிஞ்சு எல்லாரும் தேயிலைக்கு மாறினாங்களே, அதுதான் எபிஃபைட்டாட்டிக். எண்டோஃபைட்னும் ஒண்ணு இருக்கு, அது செடிக்கு உள்ளயே வாழற பூஞ்சை, பாக்டீரியாவைச் சொல்றது.

இன்னொண்ணு, பாரசைட் ஒட்டியிருக்கற மரத்தை ஹோஸ்ட்னு சொல்வாங்க. எபிஃபைட்டைச் சுமக்கற மரத்துக்கு ஃபோரோஃபைட்னு தனிப் பேரே இருக்கு, சுமக்கிற செடின்னு அர்த்தம். ஹோஸ்ட்னு எழுதறவங்களும் உண்டு, ஆனா இந்தச் சொல் தெரிஞ்சிருந்தா ரெண்டும் வேறங்கறது மனசுல நிக்கும்.

காப்பிக்காரன்:
நானும் மலைமேல தோட்டம் வச்சிருக்கவன்தாங்க, உங்க மச்சானை ரொம்பக் குத்தம் சொல்லாதீங்க, மரத்து மேல பச்சையா எது இருந்தாலும் புல்லுருவின்னு சொல்லித்தான் நாங்களும் வளந்தோம். பட்டுப்போன கிளையில ஆர்கிட் மழைக்கு நனைஞ்சு பெரிய கொத்தா இருந்தா பாரத்துல ஒடிஞ்சு காப்பி மேல விழும், அந்தக் கிளைய மட்டும் எடுக்கலாம். மத்தபடி ஒண்ணும் பண்ணாது. மிளகுக்கொடியும் மரத்துலதான் ஏறுது, அதோட வேர் மண்ணுல இருக்கறதால அது எபிஃபைட் இல்ல, ஆனா அது மரத்தை உறிஞ்சுதுன்னு யாராச்சும் வெட்டறமா?

பயப்பட வேண்டியது ஆல், அரசு விதை முளைக்கறதுக்குத்தான். பனைமரத்து மேல எபிஃபைட்டா ஆரம்பிச்சு வேரைத் தரைக்கு இறக்கினதும் தனி மரமாயி பனையை நெரிச்சிரும்.

வெட்டிப் போட்ட ஆர்கிட் வாடாம இருந்தா தேங்காநார் வச்சு பழையபடி மரத்துலயே கட்டிவிடுங்க, பிடிச்சுக்கும். ஏற்காட்டுல பொட்டானிக்கல் சர்வே ஆஃப் இந்தியாவோட ஆர்கிடேரியம், அதாவது ஆர்கிட் செடிகளை வச்சு வளர்க்கற எடம் இருக்கு, பொண்ணைக் கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க.

அஸ்தம்பட்டி அப்பா:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. சனிக்கிழமையே போயிட்டு வந்துட்டோம். பொண்ணுதான் தண்ணி ஊத்தினா, வேர் பச்சையாகறத மச்சான் குனிஞ்சு பாத்துட்டே இருந்தாரு, அப்புறம் அவரே போன் போட்டு ஆளை வர வேணாம்னு சொல்லிட்டாரு. கீழ கிடந்ததுல ஏழு செடி உயிரோட இருந்துச்சு, மாமனும் மருமகளுமா சேர்ந்து நார் வச்சுக் கட்டினாங்க. வீட்டுக்குப் பின்னாடி இருக்கற மாமரத்துல நிஜப் புல்லுருவி ஒண்ணு இருக்கறத இப்பத்தான் கவனிச்சேன், முடிச்சு அப்படியே தெரியுது, நாளைக்கு அந்தக் கிளைய வெட்டணும்.