சென்டினல் பிளான்ட்: ‘காவல் செடி’ சரிவருமா?

> சென்டினல் என்றால் காவலாள்தானே. காவல் செடி என்றே முடித்துவிடலாம்.

ஐயா, வணக்கம். நம் கலைச்சொல் பட்டியலில் ‘சென்டினல் பிளான்ட்’டுக்குத் தமிழ்ச்சொல்லை முடிப்பதற்கு முன்னால் ஒரு தடை சொல்லிவிடுகிறேன்.

காவல் செடி என்று எங்கள் குமரி மாவட்டத்து விவசாயியிடம் சொன்னால், தக்காளிக்கு நடுவே கேந்தி, வரப்பில் ஆமணக்கு என்றுதான் எடுத்துக்கொள்வார். பூச்சியைத் தன் பக்கம் இழுத்து முக்கியப் பயிரைக் காப்பது அது. அதற்குப் பொறிப்பயிர் என்ற பெயர் முன்பே இருக்கிறது. நாம் பெயர் தேடும் செடி எதையும் தடுக்காது, இழுத்தும் வைக்காது. முதலில் கடிபட்டு, புதிய பூச்சியோ நோயோ வந்துவிட்டது என்று காட்டிக்கொடுக்கும், அவ்வளவுதான்.

ஆஸ்திரேலியாவுக்கும் பாப்புவா நியூகினிக்கும் இடையே இருக்கும் டாரஸ் நீரிணைத் தீவுகளைப் பாருங்கள். ஆலைக்குப் போகும் கரும்பெல்லாம் தெற்கே குவீன்ஸ்லாந்துக் கரையில். தீவுகளில் இருப்பது வீட்டுக் கொல்லைக் கரும்பு. 1989இல் தொடங்கிய வட ஆஸ்திரேலியத் தடைகாப்புத் திட்டத்தின் பூச்சியியலாளர்கள் அதைத்தான் தேடிப் போகிறார்கள். சைபாய்த் தீவிலிருந்து பாப்புவா நியூகினிக் கரை சுமார் 4 கிலோமீட்டர்தான். அந்தப் பக்கம் ராமு தோட்டத்துக் கரும்பை 1980களில் ராமு குட்டை நோய் படுத்தி எடுத்தது. அதைப் பரப்பும் தத்துப்பூச்சி யூமெட்டோப்பினா ஃபிளாவிப்பஸ், குருத்துச் சுருளுக்குள் ஒளிந்திருக்கும். குருத்தைப் பிரித்தால்தான் தெரியும். பூச்சி தீவுகளுக்கு வந்துவிட்டது. நோய் வந்தால் கொல்லைக் கரும்பு துப்புக் கொடுக்கும். அதனால் என் பரிந்துரை: துப்புச் செடி.

நம் ஊரில் இந்தச் சொல்லுக்கு வேலை உண்டா? கரும்பு இங்கே பெயருக்குத்தான். தென்னையும் வாழையும்தான் எல்லாம். சுருள் வெள்ளை ஈ 2016இல் பொள்ளாச்சி, பாலக்காடு பக்கம் கண்டறியப்பட்டது. கீழ் ஓலைகளின் மேல்பக்கம் கரும்பூசணம் படிந்து கறுத்த பிறகுதான் பலரும் அண்ணாந்து பார்ப்பார்கள். அதற்கு முன்பே ஓலையைத் திருப்பினால் அடிப்பக்கம் வெள்ளை மெழுகுப் பூச்சில், விரல்ரேகை மாதிரி, சுருள் சுருளாக முட்டை இருக்கும். கேரள எல்லையில் களியக்காவிளைச் சாவடியில் வண்டியை நிறுத்தலாம், பறந்து வருவதை எப்படி நிறுத்துவது? எல்லையோர விளைகளில் (தோப்புகளில்) நாலு தென்னையைக் குறித்துவைத்து, மாதாமாதம் ஓலையைத் திருப்பிப் பார்க்க ஓர் ஆள் இருந்தால் அது துப்புத் தென்னை. செவ்வாழைக்குத் துப்பு வாழை.

துப்பு என்றால் எச்சில் நினைவு வருகிறது என்று அக்கா எழுதியிருந்தார். துப்பறிதலும் துப்புத் துலக்குதலும் பத்திரிகையில் அன்றாடம் ஓடுகின்றன, யாரும் முகம் சுளிப்பதில்லை. ‘துப்புக் கெட்டவன்’ வேண்டுமானால் கொஞ்சம் இடிக்கும். இன்னொரு யோசனையான ‘முன்னறி தாவரம்’ காதுக்கு அழகுதான். வயலில் நின்று யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

அப்புறம், கொசு பரப்பும் மூளைக்காய்ச்சல் வருகிறதா என்று அறிய ஆஸ்திரேலியாவில் கோழி வளர்த்து அதன் இரத்தத்தைச் சோதிக்கிறார்கள். ஆங்கிலத்தில் அதுவும் சென்டினல்தான். அதைக் காவல் கோழி என்று சொல்லிப் பாருங்கள், நாயின் வேலையைக் கோழிக்குக் கொடுத்த கதையாகிவிடும். துப்புக் கோழி என்றால் பொருந்துகிறது.

வேறு மறுப்பில்லை என்றால் பட்டியலில் துப்புச் செடி என்று ஏற்றிவிடுங்கள். பக்கத்தில் ‘பொறிப்பயிர் அன்று’ என்று ஒரு குறிப்பும் இருக்கட்டும்.