எட்டா ஜேம்ஸை 'அட் லாஸ்ட்' பாட்டோடு நிறுத்திவிடலாமா?

கிராமபோன்:
எட்டா ஜேம்ஸ் என்று பேச்சை எடுத்தாலே எல்லாரும் சொல்வது 'அட் லாஸ்ட்'தான். அமெரிக்கக் கல்யாணங்களில் அது, விளம்பரங்களில் அது, பாட்டுப் போட்டிகளில் அது. 2009-ல் ஒபாமா தம்பதி பதவியேற்பு விழா இரவில் நடனம் ஆடியதும் அந்தப் பாட்டுக்குத்தான், அன்று பாடியவர் பியான்ஸே. அது எட்டாவின் சிறந்த பாட்டே இல்லை என்பது என் கட்சி. கறுப்பின மக்களின் இசையான ப்ளூஸை ஐம்பது வருஷத்துக்கு மேல் பாடிய ஒரு கறுப்பினப் பாடகியை அது வயலின்களுக்குப் பின்னால் நிற்கவைத்துவிட்டது.

முதலில், அது அவருக்காகப் பிறந்த பாட்டு இல்லை. 1941-ல் மேக் கார்டனும் ஹாரி வாரனும் ஒரு படத்துக்காக எழுதியது, மறு வருஷம் கிளென் மில்லர் குழு பிரபலமாக்கியது. 1960-ல் சிகாகோவின் செஸ் இசைத்தட்டு நிறுவனம் எட்டாவை எடுத்துக்கொண்டதும், வெள்ளைக்கார ரசிகர்களும் வாங்கவேண்டும் என்று ரைலி ஹாம்ப்டனின் இசைக்குழுவைச் சுற்றி உட்காரவைத்துப் பாடச் சொன்னார்கள். கறுப்பின ரசிகர்களின் இசைக்கான ஆர்&பி விற்பனைப் பட்டியலில் 2-ம் இடம் வந்தது. யாருக்காக இத்தனை வயலின் சேர்த்தார்களோ, அந்தப் பாப் பட்டியலில் 47-ஐத் தாண்டவில்லை.

நிஜ எட்டா வேண்டுமென்றால் 1963-ல் நாஷ்வில் நகரத்து நியூ எரா கிளப்பில் பதிவான கச்சேரியைக் கேளுங்கள். ப்ளூஸ் பாடகர் ஜிம்மி ரீடின் பாட்டு ஒன்றின் நடுவில் ஹார்மோனிக்கா வாசிப்பைத் தொண்டையாலேயே செய்து காட்டுவார். கூட்டம் கத்துகிற கத்தலில் அந்த அறையின் சூடு நமக்கே தெரியும்.

மெல்லிசை மாலை:
நண்பரே, நாஷ்வில் பதிவு எனக்கும் உயிர். ஆனால் தனக்காக எழுதாத பாட்டைப் பாடியது குறை என்றால், ஜிம்மி ரீட் பாட்டு மட்டும் எப்படித் தப்பும்? அதுவும் கடன் வாங்கியதுதானே.

கிளென் மில்லர் குழுவின் 'அட் லாஸ்ட்' ஓர் இதமான நடனப் பாட்டு, அவ்வளவுதான். எட்டா அதே வரிகளை எடுக்கும்போது, வெகுகாலம் காத்திருந்து அலுத்த ஒருத்தி பேசுவதுபோல ஆகிறது. அந்த முதல் இரண்டு வார்த்தைகளில் அவர் கொடுக்கும் கார்வையைக் கவனியுங்கள். அப்போது வயது 22. கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரிப் பாடத் தெரிந்தவர், இங்கே பிடித்துப் பிடித்து விடுகிறார். அந்த அடக்கம் எனக்குப் பெரிய வித்தையாகத் தெரிகிறது.

இன்னொன்று. 'அட் லாஸ்ட்' வந்த ஆல்பம் முழுக்க வயலின் குளிப்பாட்டல் என்று நினைத்துவிடாதீர்கள். ப்ளூஸ் பாட்டாசிரியர் வில்லி டிக்ஸன் எழுதிய 'ஐ ஜஸ்ட் வாண்ட் டு மேக் லவ் டு யூ' அதில்தான் இருக்கிறது. ஒரு குளிர்பான விளம்பரத்தில் வந்த பிறகு 1996-ல் பிரிட்டன் பட்டியலில் 5-ம் இடம் வரை ஏறியது. ப்ளூஸ் எங்கேயும் போய்விடவில்லை.

கிராமபோன்:
அடக்கம் என்கிறீர்கள். அது அவர் தேர்ந்ததா, நிறுவனம் தேர்ந்ததா? அவருடைய முதல் அனுபவத்தைப் பாருங்கள். 1955-ல், 17 வயதில், இசைக்குழுத் தலைவர் ஜானி ஓடிஸ் துணையோடு அவர் பாடிய 'ரோல் வித் மீ ஹென்றி' ஆர்&பி பட்டியலில் முதலிடம் பிடித்தது. அந்தத் தலைப்பு விரசம் என்று 'தி வால்ஃப்ளவர்' ஆக்கினார்கள். உடனே ஜார்ஜியா கிப்ஸ் என்ற வெள்ளைக்காரப் பாடகி 'ரோல்' என்பதை 'டான்ஸ்' என்று மாற்றிப் பாட, பெரும்பணமும் பெரும்பேரும் அந்தப் பக்கம் போயின. கரகரப்பை மழுங்கடித்தால் விற்கும் என்று சந்தை அன்றே அவருக்குச் சொல்லிவிட்டது. ஐந்து வருஷம் கழித்து வந்த வயலின்களை இதை மறந்துவிட்டு என்னால் கேட்க முடியவில்லை.

அவரை அவராக விட்ட இடம் அலபாமாவின் மஸ்ஸில் ஷோல்ஸ். 1967-ல் தயாரிப்பாளர் ரிக் ஹாலின் ஃபேம் ஸ்டுடியோ. 'டெல் மாமா' கேளுங்கள். ட்ரம்பெட்டும் சாக்ஸபோனும் முட்டிக்கொண்டு வர, அவர் அவற்றுக்கும் மேலே நிற்கிறார்.

தாளக்கட்டு:
இங்கேதான் குறுக்கிட வேண்டியிருக்கிறது. கிராமபோன் 'நிஜ எட்டா' என்று காட்டும் 'டெல் மாமா' அவருக்கே பிடித்த பாட்டில்லை. எல்லாருக்கும் ஆறுதல் சொல்லும் பெரிய தாயாகத் தன்னை அதில் நிறுத்தியதை அவர் ரசிக்கவில்லை, தன் வாழ்க்கைக் கதையில் சொல்லியும் இருக்கிறார். மூலப்பாட்டும் க்ளாரன்ஸ் கார்ட்டர் பாடிய 'டெல் டாடி'. ஆக அதுவும் ஸ்டுடியோ கொடுத்த வேஷம்தான். அதே இசைத்தட்டின் மறுபக்கத்தில் 'ஐட் ராதர் கோ ப்ளைண்ட்' இருக்கிறது. சிறையில் இருந்த நண்பர் எல்லிங்டன் ஜோர்டன் தொடங்கிய பாட்டை எட்டா சேர்ந்து முடித்தார். அதில்தான் அவர் கை பட்டிருக்கிறது, அது மெதுவாகப் போகிற பாட்டு.

நீங்கள் இருவரும் தேவாலயத்தை விட்டுவிட்டீர்கள். லாஸ் ஏஞ்சலஸில் செயின்ட் பால் பாப்டிஸ்ட் தேவாலயத்தில் ஐந்து வயதிலேயே பாடியவர். 1962-ல் வந்த 'சம்திங்ஸ் காட் எ ஹோல்ட் ஆன் மீ' தொடங்கும் விதத்தைக் கேளுங்கள். பிரசங்கியார் ஒரு வரி இழுக்க, சபை பதில் கொடுப்பது போலவே இருக்கும். கடவுள் இருந்த இடத்தில் காதலனை வைத்திருக்கிறார்கள், மற்றபடி காஸ்பல் என்கிற தேவாலயப் பாட்டுதான். அந்தத் தொடக்கத்தைத்தான் ஸ்வீடன் நாட்டு டிஜே அவிச்சி 2011-ல் 'லெவல்ஸ்' பாட்டில் வெட்டி வைத்தார். எட்டா யாரென்றே தெரியாத பிள்ளைகள் அந்தக் குரலுக்கு ஆடினார்கள். வயலினா ட்ரம்பெட்டா என்ற சண்டையில் இந்த வேர் அடிபட்டுப் போகிறது.

மெல்லிசை மாலை:
தேவாலயம் பற்றிச் சொன்னது சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதைவிட ஆழமாக அந்தக் குரலில் இருப்பது அவர் பட்ட வலி. 14 வயதுத் தாய்க்குப் பிறந்து, அப்பா யாரென்று உறுதியாகத் தெரியாமல் வளர்ந்து, பிறகு ஹெராயினில் சிக்கியவர். அந்த வாழ்க்கை இல்லாமல் அந்தப் பாட்டு வந்திருக்காது.

வெண்மணி:
இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இந்த இடத்தில் பேசாமல் இருக்க முடியவில்லை.

சின்ன வயதில் அவருடைய வளர்ப்புத் தந்தை நள்ளிரவில் குடித்துவிட்டுச் சீட்டாடும்போது குழந்தையை எழுப்பி, அடித்து, நண்பர்கள் முன்னால் பாடவைப்பாராம். அதன் விளைவு என்ன? யாராவது 'பாடு' என்று கேட்டால் பாடுவது வாழ்நாள் முழுக்க அவருக்குக் கஷ்டமாக இருந்தது. பாடகியின் பாட்டையே அடைத்த விஷயம் அது. வலி அவருக்குப் பாட்டைக் கொடுத்தது என்று அதை எப்படிச் சொல்வது?

ஹெராயினும் அப்படித்தான். 1972-ல் கணவர் ஆர்டிஸ் மில்ஸும் அவரும் கைதானார்கள். கணவர் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டு டெக்ஸஸ் சிறைக்குப் போனார், 1981-ல்தான் வெளியே வந்தார். எட்டாவும் நெடுநாள் மறுவாழ்வுச் சிகிச்சையில் இருந்தார். முப்பத்தைந்தை ஒட்டிய வயது, ஒரு பாடகிக்குக் குரல் பழுத்துவரும் காலம். அந்த வருஷங்களில் வந்திருக்கவேண்டிய இசைத்தட்டுகள் எங்கே? வலி நமக்குக் கொடுத்ததைப் பேசுகிறோம், எடுத்துக்கொண்டு போனதை யாரும் எண்ணுவதில்லை.

மீண்டு வந்தது அவருடைய உழைப்பு. 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்ஸ் தொடக்க விழாவில் பாடினாரே, அந்த வாய்ப்பு தானாக வரவில்லை. அவரே கேட்டுப் பெற்றார்.

கிராமபோன்:
வெண்மணி சொன்னதற்கு மறுப்பு இல்லை. அந்தக் காணாமல் போன வருஷங்களை நானும் கணக்கில் எடுக்கவில்லை. தாளக்கட்டு சொன்ன பிறகு 'டெல் மாமா'வையும் என் கட்சிக்குச் சாட்சியாகக் கூப்பிட மாட்டேன்.

ஆனால் அவருக்குப் பேரும் வயதும் வந்து, சொல்வதற்கு அதிகாரம் வந்த பிறகு என்ன செய்தார் என்று பார்ப்போம். 1994-ல் ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடேயின் பாட்டுகளை எடுத்து 'மிஸ்டரி லேடி' செய்தார். ஜாஸ் பாடலுக்கான கிராமி வாங்கித் தந்தது அது. சிடார் வால்டனின் பியானோ, கூடச் சின்னக் குழு. மெதுவான பாட்டுகள்தான், மெல்லிசை சந்தோஷப்படலாம். ஆனால் வயலின் படை கிடையாது. 2004-ல், 66 வயதில், 'ப்ளூஸ் டு த போன்'. தலைப்பிலேயே எலும்பு வரைக்கும் ப்ளூஸ். அதற்கும் கிராமி. கையில் தேர்வு இருந்தபோது அவர் போன திசை இது.

மெல்லிசை மாலை:
'மிஸ்டரி லேடி' என் பக்கத்துச் சாட்சி என்றுதான் நான் நினைக்கிறேன். 56 வயதில் ஒருவர் தேடிப்போய் மெதுவான காதல் பாட்டுகளாகப் பாடுகிறார் என்றால், 22 வயதில் அவற்றை யாரோ கட்டாயப்படுத்தி மட்டும் பாடியிருக்க முடியாது. 2012 ஜனவரியில் அவர் போன பிறகு இறுதிச் சடங்கில் கிறிஸ்டினா அகிலேரா பாடியதும் 'அட் லாஸ்ட்'தான்.

வலி பற்றி நான் எழுதியது தவறு, வெண்மணி. அதை எடுத்துவிடுகிறேன். வயலின் பற்றி எழுதியதை எடுக்கமாட்டேன். இன்றைக்கு மறுபடியும் ஹெட்ஃபோனில் கேட்டேன். கடைசியில் அந்த இரண்டு வார்த்தைகள் திரும்பி வரும்போது, இரண்டாவது வார்த்தையை அவர் சின்னச் சின்னச் சங்கதிகளாக இறக்கிக்கொண்டு போகிறார். அது செயின்ட் பால் தேவாலயத்துப் பிள்ளையின் குரல். அத்தனை வயலினுக்கு நடுவிலும் எனக்குத் தெளிவாகக் கேட்கிறது.

கிராமபோன்:
வயலின் இல்லாமல் இருந்தால் இன்னும் தெளிவாகக் கேட்டிருக்கும் என்பேன். சரி, அந்தக் கடைசிச் சங்கதிக்காக மறுபடி கேட்கிறேன்.