அப்பாவின் ஹெரால்டுக்கு ஆம்னி எஞ்சின் போடலாமா?

மீனா (குரோம்பேட்டை)

வணக்கம். அப்பா 1974இல் ஒரு டாக்டரிடம் வாங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார், 1966ஆம் வருட வண்டி, இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. அப்பா போய் இரண்டு வருடம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு, மழையில்லாத நாளில் எப்போதாவது அலுவலகத்துக்கு, அவ்வளவுதான் ஓட்டுகிறேன். போன மாதம் மட்டும் மூன்று தடவை வழியில் நின்றுவிட்டது. ஒரு நாள் மத்தியானம் கத்திப்பாரா மேம்பாலத்தில் நின்றது. அரை மணி நேரம் வெயிலில் நின்றோம், அப்புறம் தானாகவே கிளம்பியது. இன்னொரு நாள் இரவு பல்லாவரம் நெரிசலில் ஊர்ந்துகொண்டிருந்தபோது விளக்கெல்லாம் மங்கி அணைந்துபோனது. மூன்றாவது, வீட்டு வாசலைத் தாண்டி நூறு அடியில். ஸ்பார்க்கே வரவில்லை.

இப்போது பார்க்கிற மெக்கானிக், "மாருதி ஆம்னி வேன் எஞ்சினும் கியர்பாக்ஸும் போட்டுடலாம்மா, அப்புறம் கவலையே இல்ல" என்கிறார். அம்மாவுக்கும் என் கணவருக்கும் சம்மதம். எனக்குத்தான் மனசு வரவில்லை. சாவியைத் திருப்பினால் இந்த எஞ்சின் இரண்டு தடவை கனைத்துவிட்டுத்தான் ஓட ஆரம்பிக்கும். அந்தச் சத்தத்தை வைத்தே அப்பா தெருமுனைக்கு வந்துவிட்டாரா, இன்னும் வாசலில் இருக்கிறாரா என்று சின்ன வயதில் சொல்லிவிடுவேன். ஆனால் ஒன்பது வயது மகளை வைத்துக்கொண்டு மேம்பாலத்தில் நிற்கவும் முடியாது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பாஸ்கர் (பட்டறை, அம்பத்தூர்)

போட்டுவிடுங்கள் மேடம். 22 வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன், மூன்று ஹெரால்டுக்கு இந்த வேலை செய்திருக்கிறேன். மாருதி 800 எஞ்சின் குறுக்குவாட்டில் உட்காரும், முன்சக்கரத்தைத்தான் ஓட்டும், அது இதற்குச் சரிவராது. ஆம்னி எஞ்சின் நீளவாக்கில் நிற்கும், பின்சக்கரத்தை ஓட்டும். அதனால் ஹெரால்டுக்குப் பொருந்துகிறது. தரையை வெட்டவும் வேண்டியதில்லை, ஹெரால்டில் கியர்பாக்ஸ் மேல்மூடி தனியாகக் கழன்று வரும். எஞ்சினைத் தாங்கும் மவுண்டிங் புதிதாகச் செய்ய வேண்டும், பின்சக்கரத்தைச் சுழற்றும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டை அளவுக்கு மாற்ற வேண்டும், ஆர்டிஓவில் முறையாக அனுமதி வாங்கி ஆர்சி புத்தகத்தில் ஏற்ற வேண்டும். அவ்வளவுதான். ஹெரால்டில் மாதிரி முதல் கியர் போட வண்டி முழுசாக நிற்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆம்னி 2019இல் நின்றுபோனாலும் புதுப்பேட்டையில் அதன் சாமான் எப்போது போனாலும் கிடைக்கிறது. ஹெரால்டு பிஸ்டன் ரிங் கேட்டுப்பாருங்கள், கடைக்காரர் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்.

விக்னேஷ் (வேளச்சேரி)

எந்த எஞ்சின் என்பது இரண்டாவது கேள்வி. குழந்தையை இந்தக் காரில் ஏற்றலாமா என்பது முதல் கேள்வி. சீட் பெல்ட் கிடையாது. பிரேக்குக்கு ஒரே ஒரு சர்க்யூட், ஒரு குழாய் ஒழுகினால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். பின்னால் ஸ்விங் ஆக்சில், அதாவது சக்கரமும் அச்சும் சேர்ந்தே மேலும் கீழும் ஆடும். வளைவில் வேகமாகப் போய்ப் பயந்து சட்டென்று ஆக்சிலரேட்டரை விட்டால் பின்சக்கரம் உள்பக்கமாக மடங்கி வண்டி சுற்றிவிடும். என் மாமாவிடமும் ஹெரால்டு இருந்தது, அதில் உட்கார்ந்து வளர்ந்தவன்தான் நான். அன்று ஜிஎஸ்டி சாலையில் 40, 50 கிலோமீட்டர் வேகத்தில் போனார்கள். இன்று பக்கத்தில் வருகிற லாரியே 80இல் வருகிறது. பாசமாகப் பார்த்துக்கொள்ளும் ஒருவருக்குக் கொடுத்துவிடுங்கள், அக்கா.

வாத்தியார் (கோவை)

மீனா அம்மா, அவசரப்பட வேண்டாம். நான் 1978 முதல் ஹெரால்டு வைத்திருக்கிறேன். ஓய்வு பெற்ற பௌதிக ஆசிரியன். நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். வண்டி மூன்று தடவை நின்றிருக்கிறது. மூன்றிலும் எஞ்சின் மேல் குற்றமே இல்லை.

மேம்பாலத்தில் நின்றது பெட்ரோல் ஆவியானதால். சூட்டில் பம்பிலும் குழாயிலும் பெட்ரோல் கொதித்து ஆவியாகிவிட்டால் பம்பால் இழுக்க முடியாது. ஆறியதும் தானாகக் கிளம்பும். ஈரத்துணியைப் பம்ப் மேல் சுற்றி ஐந்து நிமிடம் வைத்தாலே போதும், அப்புறம் பம்ப் அடியில் இருக்கும் சின்ன நெம்புகோலைக் கையால் நாலு தடவை அடிக்க வேண்டும். இப்போது பங்கில் வருகிற பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அது பழைய ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும். உங்கள் பம்ப் டயாஃப்ரமும் (உள்ளே இருக்கும் சவ்வு) குழாயும் அப்பா காலத்து ரப்பராக இருந்தால் இரண்டையும் எத்தனால் தாங்கும் ரகத்தில் மாற்றுங்கள். குழாய் எஞ்சின் சூட்டை விட்டுத் தள்ளிப் போகும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

பல்லாவரத்தில் நடந்தது, பேட்டரிக்கு மின்சாரம் தருகிற டைனமோவின் சுபாவம். ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் மெதுவாக ஓடும்போது, டைனமோ அநேகமாக ஒன்றும் தராது. நெரிசலில் ஊரும்போது ஹெட்லைட், வைப்பர், ஹாரன் எல்லாம் பேட்டரியையே குடிக்கும். கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தால் இன்னும் மோசம்.

வாசலில் நின்றது பெரும்பாலும் கண்டென்சர், இல்லாவிட்டால் பாயிண்ட். ஸ்பார்க்குக்காக மின்சாரத்தைத் தொட்டும் விட்டும் கொடுக்கிற இரண்டு முனைதான் பாயிண்ட், அது பொறிந்து தேயாமல் காப்பது கண்டென்சர். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து பாயிண்ட்டின் இரண்டு முகமும் நீலம் பாய்ந்து ஒன்றில் மேடும் ஒன்றில் குழியுமாக இருக்கிறதா பாருங்கள். அப்படி இருந்தால் கண்டென்சர் போய்விட்டது. உப்புத்தாளால் இரண்டு இழுப்பு இழுத்து, 15 தவு (அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் 15 பங்கு) இடைவெளி வைத்து, புது கண்டென்சர் போட்டால் வண்டி ஓடும். சட்டைப்பையில் அடங்குகிற சாமானுக்காக எஞ்சினையே இறக்குவார்களா?

பாஸ்கர் (பட்டறை, அம்பத்தூர்)

சார் சொன்ன மூன்றும் சரி. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சாருக்குத் தெரிந்தது அந்த அம்மாவுக்குத் தெரிய வேண்டும். குற்றம் எதில் இருந்தாலும் நடுரோட்டில் நிற்பது அவர்கள்தான். ஈரத்துணி, நெம்புகோல், உப்புத்தாள் எல்லாம் வாரத்துக்கு ஒரு நாள் வண்டிக்கென்றே ஒதுக்கக்கூடிய ஆளுக்கு. நான் எஞ்சின் மாற்றிய வண்டிகளில் ஒன்று வருடா வருடம் தீபத்துக்குத் திருவண்ணாமலை போய் வருகிறது, ஒரு தடவைகூட வழியில் நின்றதாக போன் வரவில்லை. வண்டியைப் பூட்டி வைத்துப் பூஜை செய்வதைவிட ஓடவிடுவதுதான் அதற்கு மரியாதை.

வாத்தியார் (கோவை)

ஓடவிட வேண்டும் என்பதில் நானும் நீங்களும் ஒரே கட்சி. ஆனால் எதை ஓட்டுகிறோம்? மெட்ராஸில் செய்த கார் இது. வண்டலூர், பெருங்களத்தூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் தொழிற்சாலையில் 1961 முதல் செய்தார்கள். வரைந்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலொட்டி. இதன் மூலமான ட்ரையம்ப் ஹெரால்டை இங்கிலாந்தில் செய்த ஸ்டாண்டர்டு-ட்ரையம்ப் கம்பெனிக்கு, முழு பாடியையும் ஒரே கூடாக அடித்துத் தர அன்று ஆள் அமையவில்லை. அதனால் பாடியைத் துண்டுதுண்டாகச் செய்து தனி சேசிஸ் (அடிச்சட்டம்) மேல் போல்ட் போட்டுப் பிணைத்தார்கள். பெட்டியில் வந்ததை நம் ஊரில் பூட்டுவதற்கும் அது தோதாக இருந்தது. பானெட் முன்மட்கார்டோடு சேர்ந்து மொத்தமாக முன்னால் சாயும். முன்டயர் மேல் உட்கார்ந்துகொண்டே எஞ்சினில் கை வைக்கலாம். என் மகனுக்கு நாலு ஸ்ட்ரோக் எஞ்சின் என்றால் என்ன என்று அப்படி டயர் மேல் உட்கார வைத்துத்தான் சொல்லிக்கொடுத்தேன். 948 சிசி, எல்லாமே கண்ணுக்குத் தெரியும், எல்லாமே கைக்கு எட்டும்.

இன்னொன்று. 2021இல் வந்த மத்திய விதிப்படி 50 வருடம் தாண்டிய வண்டியை வின்டேஜாகப் பதியலாம். ஆனால் சேசிஸ், பாடி, எஞ்சின் எதிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. இன்று எஞ்சினை மாற்றினால் அந்தக் கதவு மூடிவிடும்.

பாஸ்கர் (பட்டறை, அம்பத்தூர்)

அந்தப் பதிவு எடுத்தால் கண்காட்சி, ராலி, பெட்ரோல், பழுது பார்ப்பது, இதற்குத்தான் வெளியே எடுக்கலாம். தினசரி ஓட்டக் கூடாது என்று அதே விதியில் இருக்கிறது. இவர்கள் அலுவலகத்துக்கு எடுத்துப் போகிறார்கள்.

சரி சார், ஒன்று கேட்கிறேன். உங்கள் வண்டியில் டைனமோவா, ஆல்டர்னேட்டரா?

வாத்தியார் (கோவை)

ஆல்டர்னேட்டர். டைனமோ வேலையையே செய்யும், ஐடிலிலும் சார்ஜ் தரும் புது வகை. 2009இல் போட்டேன்.

பாஸ்கர் (பட்டறை, அம்பத்தூர்)

அதுவும் மாற்றம்தானே? ஆல்டர்னேட்டர் போட்டால் ஹெரால்டு, எஞ்சின் போட்டால் ஹெரால்டு இல்லையா? கோடு எங்கே போடுகிறீர்கள்?

வாத்தியார் (கோவை)

நியாயமான கேள்வி. ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு இப்போது எழுதுகிறேன். என் கோடு இதுதான்: எதைச் செய்தாலும் ஒரே மத்தியானத்தில் ஸ்பேனரை வைத்துப் பழையபடி ஆக்க முடிய வேண்டும். டைனமோ துணியில் சுற்றி அலமாரியில் இருக்கிறது, இரண்டு மணி நேரத்தில் திரும்ப ஏற்றிவிடுவேன். சேசிஸில் வெல்டிங் வைத்தால் அதை எடுக்க முடியாது. எனக்குப் பின்னால் இந்த வண்டியை வைத்திருக்கப் போகிறவருக்கும் முடிவு செய்ய இடம் விட வேண்டும் என்று நினைக்கிறேன்.

சின்னத்துரை (யாழ்ப்பாணம்)

எங்களிடம் இருப்பது மொறிஸ் மைனர், 803 சிசி, முன்கண்ணாடி இரண்டாகப் பிரிந்த வகை. தொண்ணூறுகளில் யுத்தத்தால் இங்கு பெற்றோல் வராது. மண்ணெண்ணெயில்தான் ஓடினோம். கார்புரேட்டருக்கு மேலே ஒரு சின்னப் போத்தல் கட்டி, அதில் நாலு துளி பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்குத் திருப்புவோம். அழுத்தம் குறைந்த பழைய எஞ்சின் என்பதால் அதையும் எரித்தது. கறுப்புப் புகையும் அந்த மணமும் இன்றைக்கும் என் மூக்கில் இருக்கிறது. யுத்தத்தில் யாழ்ப்பாணமே வெளியேறிய 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் அம்மம்மாவையும் இரண்டு சமையல் பானைகளையும் ஏற்றிக்கொண்டு நாவற்குழிப் பாலத்தை அந்த எஞ்சின்தான் தாண்டியது. மழை, இருட்டு, சனம். நடந்து போனவர்கள் எங்களைவிட வேகமாகப் போனார்கள். விடிய விடிய முதல் கியரிலேயே உருண்டது, நிற்கவில்லை.

அந்த எஞ்சினை நானே கழற்றினேன். 2011இல் அம்மாவை வாரம் இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. மண்ணெண்ணெய் குடித்த எஞ்சினுக்கு இனி சிலிண்டரை இன்னும் பெரிதாகக் கடைகிற ஓவர்சைஸ் போரும் தாங்காது என்றார்கள். டட்சன் 1200 எஞ்சின் போட்டோம். அம்மா இருந்த நான்கு வருடமும் ஒரு நாள்கூட வழியில் நிற்கவில்லை. அதற்காக நான் வருந்தவில்லை. பழைய எஞ்சின் கிறீஸ் பூசி, சாக்கு சுற்றி, மாட்டுக்கொட்டிலில் இருக்கிறது. யாராவது விலை கேட்டு வந்தால் அப்பா கோபப்படுவார்.

மீனா, உங்களுடைய எஞ்சின் உண்மையிலேயே முடிந்துபோனதா என்று முதலில் கொம்பிறஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு நிற்கிறது என்று) பார்த்து அறியுங்கோ. முடிந்திருந்தால் பாஸ்கர் அண்ணை சொல்வது சரி. முடியாவிட்டால் கழற்றாதையுங்கோ.

விக்னேஷ் (வேளச்சேரி)

சின்னத்துரை ஐயா எழுதியதைப் படித்துவிட்டு விற்கச் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். பாதுகாப்பு பற்றிச் சொன்னதை வாங்கவில்லை. அதற்கு யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை.

வாத்தியார் (கோவை)

தம்பி சொல்வது முழுக்க உண்மை, மழுப்ப மாட்டேன். சீட் பெல்ட்டைத் தகட்டில் மட்டும் மாட்டாமல், அடியில் கனமான பிளேட் கொடுத்துச் சேசிஸோடு சேர்த்து மாட்ட வேண்டும். பிரேக் ஆயில் மட்டத்தை வாராவாரம் பார்க்க வேண்டும். மழையில், வளைவில், வேகம் கூடாது. குழந்தையோடு நெடுஞ்சாலை வேண்டாம்.

ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று உண்டு மீனா அம்மா. முன்சக்கரத்தின் உள்பக்கம் கீழே பித்தளையில் டிரனியன் என்று ஒரு துண்டு இருக்கும். ஸ்டியரிங் திருப்பும்போது சக்கரத்தைத் தாங்குகிற தண்டின் மரை அதற்குள்தான் சுழலும். அதற்குக் கிரீஸ் அடிக்கக் கூடாது, 90 நம்பர் கியர் ஆயில்தான் ஏற்ற வேண்டும். கிரீஸ் அடிக்கிற மாதிரி வாய் (நிப்பிள்) இருப்பதைப் பார்த்துப் பல பட்டறையில் கிரீஸ் அடித்துவிடுகிறார்கள். அது காய்ந்து இறுகும், உள்ளே தண்ணீர் புகும், மரை துருப்பிடித்து ஒரு நாள் முறியும். முறிந்தால் சக்கரம் அப்படியே மடங்கி வெளியே படுத்துவிடும். கத்திப்பாராவில் நின்றது தொல்லை. இது ஆபத்து. எந்த எஞ்சின் போட்டாலும் இது அப்படியேதான் இருக்கும். இதை இன்றைக்கே பாருங்கள்.

மீனா (குரோம்பேட்டை)

எல்லோருக்கும் நன்றி. பத்து நாள் கழித்து இப்போதுதான் எழுதுகிறேன்.

பம்ப் டயாஃப்ரம், பெட்ரோல் குழாய், கண்டென்சர், டைனமோ பிரஷ் எல்லாம் மாற்றியாகிவிட்டது. பாயிண்ட் வாத்தியார் ஐயா சொன்னபடியே ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் குழி. மகள் டார்ச் பிடித்தாள், உப்புத்தாளை நானே இழுத்தேன். கொம்பிரஷன் நான்கு சிலிண்டரிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு. எஞ்சின் நன்றாகவே இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வெயிலிலேயே வண்டலூர் வரை போய்த் திரும்பினோம், நிற்கவில்லை. திரும்பும் இடத்தில் சாலை குறுகல், பக்கத்தில் ஒரு புதுக் கார் முன்னும் பின்னும் மூன்று தடவை ஆடிக்கொண்டிருந்தது. ஹெரால்டு ஒரே ஒடிப்பில் திரும்பிவிட்டது. மகள் கைதட்டினாள்.

ஆனால் நேற்று டிரனியன் பார்த்தோம். இடது பக்கம் எண்ணெய் ஏறியது, மேலே கசிந்து வந்தது. வலது பக்கம் எவ்வளவு அழுத்தியும் ஏறவில்லை. நிப்பிளைக் கழற்றினால் உள்ளே கிரீஸ் கல் மாதிரி இறுகி, ஓரத்தில் செம்பழுப்பாகத் துரு. இந்த நிலையில்தான் வண்டலூர் போய் வந்திருக்கிறோம் என்று நினைத்தால் இரவெல்லாம் தூக்கம் இல்லை. வண்டியை வாசலிலேயே நிறுத்திவிட்டேன்.

பாஸ்கர் (பட்டறை, அம்பத்தூர்)

நிறுத்தியது ரொம்ப நல்லது மேடம். ஒரு அடிகூட ஓட்டாதீர்கள். எஞ்சின் விஷயத்தில் என் அபிப்பிராயம் மாறவில்லை, அது தனி. என்னிடம் பழைய ஹெரால்டு ஒன்றிலிருந்து எடுத்த வலப்பக்கத் தண்டு இருக்கிறது, மரை சுத்தம், துரு இல்லை. டிரனியன் புதிதாக லேத்தில் கடைந்துகொள்ளலாம், பித்தளை நல்ல ரகமாக நான் பார்த்து வாங்குகிறேன். சனிக்கிழமை காலை வண்டியை மேலே ஏற்றிக் கொண்டுவருகிற மாதிரி ஒரு லாரிக்குச் சொல்லுங்கள். கட்டி இழுத்து வரவேண்டாம், முன்சக்கரம் தரையில் உருளக் கூடாது. கோவை சார், மரையின் அளவு உங்களிடம் இருந்தால் அனுப்புங்கள்.

வாத்தியார் (கோவை)

என் பழைய டிரனியன் ஒன்று இருக்கிறது. அளவு எழுதினால் தப்பு வரும். அதையே இன்று கூரியரில் போடுகிறேன், பார்த்துக் கடையுங்கள்.