வெனிஸுக்கு ஒரு நாள் மட்டும் போவது சரியா?

வழிப்போக்கன்: மே மாதம் அலுவலக வேலையாக மிலானில் இருப்பேன். ஒரு சனிக்கிழமை அதிகாலை ரயிலேறி வெனிஸ் பார்த்துவிட்டு இரவே திரும்பலாம் என்று எண்ணம். இரண்டரை மணி நேரப் பயணம்தான். ஆனால் நண்பர் ஒருவர், "உன்னைப் போன்ற பகல் விருந்தாளிகளால்தான் அந்த ஊரே பாழாகிறது" என்கிறார். நுழைவுக் கட்டணம் வேறு உண்டாமே?

செங்கமலம்: நண்பர் சொல்வதே என் கருத்தும். 1951-இல் தீவு நகரத்தில் ஏறக்குறைய 1,75,000 பேர் குடியிருந்தார்கள். 2022-இல் அது 50,000-க்கும் கீழே போய்விட்டது. ரியால்டோ பாலத்தின் அருகில் ஒரு மருந்துக்கடைச் சன்னலில் மின்பலகை இருக்கிறது. மிச்சமிருக்கும் குடிகளின் எண்ணிக்கைதான் அதில் தெரியும். சளி மருந்து வாங்க வருகிறவர் தன் ஊர் தேய்வதையும் சேர்த்துப் பார்த்துவிட்டுப் போக வேண்டும். நீங்கள் பத்து மணிக்கு இறங்கி, சான் மார்கோ சதுக்கத்துக்கு ஓடி, படம் பிடித்து, பீட்சா அட்டையைக் குப்பைத்தொட்டியில் திணித்துவிட்டு ரயிலேறுவீர்கள். இரவு தங்குகிறவராவது தங்கும் வரி கட்டுகிறார்.

ஊர்சுற்றி: சகோதரி, குடிகள் வெளியேறிய பழியைப் பகல் பயணியின் தலையில் போடுவது எந்த ஊர் நியாயம்? 1966 நவம்பர் 4 அன்று கடல்நீர் 194 செ.மீ. உயர்ந்து கீழ்த்தளங்களை மூழ்கடித்தது. ஈரச் சுவரோடு மல்லுக்கட்ட முடியாதவர்கள், காரும் தொழிற்சாலை வேலையும் கிடைத்த, அதே மாநகராட்சியின் நிலப்பகுதியான மெஸ்ட்ரேவுக்குப் போனார்கள். பிறகு காலியான வீடுகளும், காலியாக்கப்பட்ட வீடுகளும் சுற்றுலா வாடகைக்குப் போயின. யாருக்காக? இரவு தங்குகிறவருக்காக. மாலை ரயிலில் போகிற எனக்கு யாருடைய படுக்கையறையும் தேவையில்லை.

செங்கமலம்: வீட்டு வாடகையைப் பற்றி நீங்கள் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் நெரிசல்? இரண்டு பேர் தோள் உரசிப் போகும் சந்தில் ஒரு குழு நின்று வழிகாட்டியின் கதையைக் கேட்டால் பின்னால் வருகிறவர் என்ன செய்வார்? காய்கறி வண்டியை இழுத்துக்கொண்டு வரும் பாட்டி, நிரம்பி வழியும் வாப்பரெட்டோ படகை விட்டுவிட்டு அடுத்ததற்கு நிற்கிறார். அங்கே அதுதான் பஸ். குழுவுக்கு 25 பேர்தான், ஒலிபெருக்கி கூடாது என்று 2024-இல் விதி போட்டது சும்மாவா?

மெஸ்ட்ரேவாசி: இங்கே வேலை பார்ப்பவன் என்ற முறையில் கட்டண விவரம் மட்டும் சொல்கிறேன். 2024 ஏப்ரல் 25-இல் தொடங்கியது. அந்த ஆண்டு 29 நாட்கள், 2025-இல் 54 நாட்கள். முன்பே பதிவு செய்தால் 5 யூரோ, கடைசி நேரத்தில் 10. காலை 8.30 முதல் மாலை 4 வரைதான். 14 வயதுக்குக் கீழ் இருந்தால் கிடையாது. மாநகராட்சி எல்லைக்குள் இரவு தங்குகிறவருக்கும் கிடையாது, ஆனால் பதிவு செய்ய வேண்டும். வசூல் நாட்கள் ஆண்டுதோறும் மாறும், பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊர்சுற்றி: அதைத்தான் கேலி என்கிறேன். வாப்பரெட்டோ டிக்கெட்டே 9.50 யூரோ. ஐந்து யூரோவுக்குப் பயந்து யார் திரும்பிப் போவார்? கூட்டத்தைக் குறைக்க நினைத்தால் தலை எண்ணி உள்ளே விட வேண்டும். 2021 ஆகஸ்டில் 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களை ஜூதெக்கா கால்வாயில் தடுத்தார்களே, அது தடை. இது வெறும் வசூல்.

வழிப்போக்கரே, தாராளமாகப் போங்கள். சான் மார்கோவை விட்டுவிட்டு கன்னரேஜியோ பக்கம் நடங்கள். 1516-இல் யூதர்களை ஒதுக்கிவைத்த கெட்டோ அங்கேதான். அதற்குள்ளேயே ஏழு மாடி வீடுகளைப் பார்க்கலாம்: பரப்பை விரிக்க விடாததால் மேலே மேலே கட்டிக்கொண்டார்கள். மதியம் ஒரு பக்காரோவில், அதாவது சிறு ஒயின் கடையில், நின்றபடியே ஒயினும் சிக்கெட்டி என்ற சிறு தின்பண்டங்களும்.

செங்கமலம்: அருமை. சதுக்கத்தோடு நிற்கும் கூட்டத்தை, துணி காயும் தெருக்களுக்கும் அனுப்பிவிடுங்கள். அந்த மக்களுக்கு மிஞ்சியிருப்பது அந்தப் பக்கம்தான்.

வழிப்போக்கன்: வெள்ளி இரவு மெஸ்ட்ரேயில் அறை எடுத்து, சனி காலை உள்ளே போய் இருட்டுவதற்குள் திரும்பினால்?

ஊர்சுற்றி: அப்போது கட்டணமும் இல்லை, தங்கும் வரியும் கட்டியாயிற்று. செங்கமலத்தின் கணக்கில் நீங்கள் உத்தமர். சந்தில் மட்டும் அதே ஒரு ஆள் அதிகம்.